உறக்கத்தில் வரும் முனகல்: எது எந்தச் சத்தம் என்று பிரித்தறியும் வழி

பக்கத்தில் படுத்திருப்பவர் நடு இரவில் முனகினால் வீட்டில் உடனே ஒரு விளக்கம் பிறந்துவிடுகிறது. கெட்ட கனவு, மனசில் பாரம், உடம்புச் சூடு, காத்து கருப்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். காலையில் அவரிடமே கேட்டால், "நானா? நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். முனகியவருக்குத் தெரியாது, கேட்டவருக்குத்தான் தூக்கம் போயிருக்கும்.

இரவில் மனித உடம்பு எழுப்பும் சத்தங்களை நாம் இரண்டே பெயர்களுக்குள் அடைத்துவிடுகிறோம். ஒன்று குறட்டை, இன்னொன்று கனவு. இந்த இரண்டிலும் சேராத சத்தங்கள் பல உண்டு. சில முற்றிலும் தீங்கற்றவை. சிலவற்றுக்கு இந்த மாதத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓரிரண்டு சத்தங்கள் கேட்டால் அந்த நிமிடமே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இவற்றைப் பிரித்தறிய மருத்துவப் படிப்பு தேவையில்லை. ஒரு கைபேசியும் ஒரு கடிகாரமும் இருந்தால் முக்கால்வாசி வேலையை வீட்டிலேயே முடித்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: மூச்சு உள்ளே போகும்போது சத்தம் வருகிறதா, வெளியே வரும்போது வருகிறதா? சத்தம் எவ்வளவு பெரிது என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. கூரையைத் தூக்கும் குறட்டை சாதாரணமாக இருக்கலாம். காது கொடுத்தால் மட்டுமே கேட்கும் ஒரு மெல்லிய கீச்சு ஆபத்தாக இருக்கலாம். மூச்சின் திசை அப்படி ஏமாற்றுவதில்லை.

காத்திருக்கக் கூடாத சத்தங்கள்

வகைப்படுத்த உட்காரும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒருவர் விட்டு விட்டு, நீண்ட இடைவெளியில், கொர்ரென்றோ முனகலாகவோ மூச்சை இழுக்கிறார். தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட்டும் எழவில்லை என்றால் அது தூக்கமே அல்ல. இதயம் நின்றவரிடம் சில நிமிடங்கள் வரை இப்படிப்பட்ட மூச்சு வரக்கூடும். "மூச்சு வருதே, குறட்டைதானே" என்று திரும்பிப் படுத்துவிடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணை உடனே அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தத் தொடங்குங்கள்.

கைக்குழந்தை விட்டு விட்டு முக்குவது, நெளிவது, முகம் சிவப்பது எல்லாம் பெரும்பாலும் வாயு, மலம் சார்ந்தவை. ஆனால் ஒவ்வொரு மூச்சு வெளியே வரும்போதும் தவறாமல் "ங்ஹ்... ங்ஹ்..." என்று முனகினால், அது நுரையீரல் திணறுகிறது என்பதன் அடையாளம். மார்புக்கூட்டின் அடிப்பகுதி உள்வாங்குகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வலிப்பு ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, உதடும் நகமும் நீலம் பாய்வது, படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுக்குத் திணறி எழுந்து உட்காருவது ஆகியவையும் இதே வரிசையில் சேரும். கடைசியில் சொன்னது இதயம் பலவீனப்பட்டவர்களிடம் அடிக்கடி காணப்படுவது.

இவை எதுவும் இல்லை என்று உறுதியானால் நிதானமாகக் கேட்க ஆரம்பிக்கலாம்.

முதல் படி: சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள்

தூங்குபவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். "ராத்திரி நீங்க ஒரு மாதிரி சத்தம் போடுறீங்க, டாக்டர்கிட்ட காட்டலாம்னு ரெக்கார்டு பண்ணட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்வார்கள். கேட்காமல் பதிவு செய்து மறுநாள் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் போட்டுக் காட்டுவது கொடுமை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது அதைவிடக் கொடுமை. முனகல் சத்தம் கேட்பவர் மனதில் வேறு அர்த்தங்களையும் கிளப்பும். அந்தக் கூச்சத்தாலேயே பலர், குறிப்பாக இளம்பெண்கள், வருடக்கணக்கில் மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள். விடுதி அறைத் தோழிகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்.

நம் வீடுகளில் பதிவுக்கு முதல் எதிரி மின்விசிறி. தாழ்ந்த சுதியில் வரும் முனகலும் விசிறியின் இரைச்சலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். கைபேசியை விசிறிக்கு நேர் கீழே வைக்காமல், தலைமாட்டில் ஒரு கை தூரத்தில், மடித்த துண்டின் மேல், ஒலிவாங்கி தூங்குபவரைப் பார்க்கும்படி வையுங்கள். ஏர்பிளேன் மோடில் போட்டு, சார்ஜரில் இணைத்து, தலையணைக்கு அடியில் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ஒலிப்பதிவுச் செயலியே போதும். எட்டு மணி நேரப் பதிவு, சுருக்கப்பட்ட வடிவில் 128 கேபிபிஎஸ் தரத்தில், ஏறத்தாழ 460 எம்பி இடம் பிடிக்கும். சுருக்காத வடிவில் பதிந்தால் இரண்டரை ஜிபி வரை போகும். அது தேவையில்லை.

குறட்டையை அளப்பதற்கென்று வரும் செயலிகளும் உதவும், ஆனால் அவை தரும் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முனகலையும் அவை குறட்டைக் கணக்கிலேயே சேர்த்துவிடும். சத்தம் எழும்போது மட்டும் பதியும் செயலியாக இருந்தால் சத்தத்துக்கு முந்தைய மூச்சு பதிவில் இருக்காது. நமக்கு அந்த மூச்சுதான் முக்கியம்.

ஓரிரவு ஒலியை மட்டும் பதிந்து எந்த மணிக்கு வருகிறது என்று பாருங்கள். அடுத்த இரவு அந்த நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து, மங்கலான விளக்கில் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுங்கள். முகமும் மார்பும் வயிறும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டும். போர்வையைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் வயிறு ஏறி இறங்குவது தெரியும். மருத்துவரின் மேசையில் பத்து நிமிட விளக்கத்தைவிட இந்த இரண்டு நிமிட வீடியோ பயன்படும்.

இரண்டாம் படி: மூச்சின் திசை

வீடியோவில் வயிறு எழும்பினால் மூச்சு உள்ளே போகிறது, தாழ்ந்தால் வெளியே வருகிறது. சத்தத்தை அதோடு பொருத்திப் பாருங்கள். ஒலிப்பதிவு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு, அந்தத் தாளத்தில் நீங்களும் மூச்சு விட்டுப் பாருங்கள். உங்கள் உடம்பே விடை சொல்லிவிடும்.

குறட்டை முக்கியமாக உள்மூச்சின் சத்தம். தொண்டையின் மென்மையான சதை தளர்ந்து, உள்ளே போகும் காற்றில் அடித்துக்கொள்ளும்போது வருவது. கரகரவென்று சொரசொரப்பாக இருக்கும், மூச்சுக்கு மூச்சு திரும்ப வரும். சிலருக்கு வெளிமூச்சிலும் கொஞ்சம் வரும் என்றாலும் உள்மூச்சுதான் ஓங்கி நிற்கும்.

முனகல் வெளிமூச்சின் சத்தம். அதில் குரல் இருக்கும், சுதி இருக்கும். பாடத் தெரிந்தவர் அந்தச் சுதியைப் பிடித்து முணுமுணுக்கக்கூட முடியும். குறட்டையின் சுதியை அப்படிப் பிடிக்க வராது. ஸ்பெயினில் 2011இல் வெளிவந்த ஓர் ஒலி ஆய்வும் இதைத்தான் உறுதிசெய்தது: இந்த முனகல் குரல்வளையிலிருந்து பிறக்கும் குரலொலி, குறட்டையைப் போலத் தொண்டைச் சதையின் அதிர்வு அல்ல.

இழுப்பு உள்ளவர்களின் விசில் சத்தமும் வெளிமூச்சில்தான் வரும். அதில் குரல் இருக்காது. பல மெல்லிய சீழ்க்கைகள் சேர்ந்தாற்போல நெஞ்சிலிருந்து கேட்கும், பின்னிரவில் கூடும், இருமலோடு எழுப்பிவிடும். அதற்கு நேர் எதிர், உள்மூச்சில் கூர்மையாகக் கீச்சிடும் சத்தம். மூச்சுக்குழலின் மேல்வாயில், குரல்நாண்கள் விரிய மறுக்கும்போது வருவது அது. நடுவயதைத் தாண்டியவரிடம் புதிதாக இந்தக் கீச்சு தோன்றி, கூடவே எழுந்து நின்றால் தலைசுற்றல், சிறுநீர் கழிப்பதில் சிரமம், நடையில் தடுமாற்றம் இருந்தால், நரம்பியல் மருத்துவரை அந்த வாரமே பாருங்கள். மல்டிபிள் சிஸ்டம் அட்ரோபி என்ற நரம்புநோயில் இப்படி வருவதுண்டு, அது உயிருக்கு ஆபத்தான அறிகுறி. "புதுவிதமான குறட்டை" என்று இதைத் தள்ளிவிடக் கூடாது.

மூன்றாம் படி: மணி பார்த்துக் குறித்தல்

உறக்கம் இரவு முழுவதும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக நான்கைந்து சுற்றுகள் போகின்றன. ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில் குவிந்திருக்கும். கனவுகள் மிகும் ரெம் உறக்கம் விடியற்காலையை நெருங்க நெருங்க நீளும். பதினொரு மணிக்குப் படுப்பவருக்கு பன்னிரண்டு, ஒரு மணிக்கு வரும் சத்தமும் நாலு மணிக்கு வரும் சத்தமும் வெவ்வேறு வீட்டுக் கதவுகளிலிருந்து வருபவை.

குழந்தை படுத்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் அலறி எழுந்து, கண் திறந்திருந்தும் அம்மாவையே அடையாளம் தெரியாமல் கத்தி, பிறகு தானாக அடங்கித் தூங்கிவிட்டால் அது இரவு அச்சம். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் விழித்த நிலை. காலையில் நினைவே இருக்காது. குலுக்கி எழுப்பாமல், விழுந்து அடிபடாதபடி பக்கத்தில் இருந்தால் போதும். கெட்ட கனவு இதற்கு மாறானது. பின்னிரவில் வரும், விழித்ததும் குழந்தை கதையாகச் சொல்லும்.

முனகல் தொடங்கிய மணி, அடங்கிய மணி, ஒரு முனகல் எத்தனை விநாடி நீள்கிறது, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். பெரியவர்கள் அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுவார்கள். முனகும் நேரத்தில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தால் அதுவே பெரிய துப்பு.

நான்காம் படி: முகம், கை கால், திரும்பிப் படுத்தல்

வலியால் முனகுபவரின் புருவம் நெரியும். புரளும்போது முனகல் வரும், அசையாமல் படுத்தால் அடங்கும். பேச முடியாத முதியவர்கள், நினைவிழப்பு நோய் உள்ளவர்கள், எலும்பு முறிவுக்குப் பின் படுத்திருப்பவர்கள் இரவில் முனகினால் முதலில் வலியைத்தான் சந்தேகிக்க வேண்டும். "வயசாயிட்டா அப்படித்தான்" என்று சொல்லி எத்தனை முதியவர்களின் வலியை நாம் கேட்காமல் விட்டிருக்கிறோம். படுக்கைப் புண் இருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, காய்ச்சலில் அனத்துகிறாரா என்று தொட்டுப் பாருங்கள்.

பின்னால் விரிவாகச் சொல்லப்போகும் உறக்க முனகல் (கேட்டத்ரீனியா) நோயில் இது தலைகீழ். முகம் சாந்தமாக இருக்கும். திரும்பிப் படுத்தால் முனகல் சற்று நேரம் நின்றுபோகும், பிறகு மீண்டும் தொடங்கும். புரண்டால் கூடுகிறதா, புரண்டால் நிற்கிறதா என்ற இந்த ஒரு வேறுபாடு என் பார்வையில் மிகவும் கைகொடுக்கும்.

கனவில் நடப்பதை அப்படியே நடித்துக்காட்டுபவர்கள் இருக்கிறார்கள். பின்னிரவில் கத்துவார்கள், திட்டுவார்கள், பக்கத்தில் படுத்திருப்பவரை உதைப்பார்கள், குத்துவார்கள். எழுப்பினால் "யாரோ துரத்தினான், அடிச்சேன்" என்று தெளிவாகச் சொல்வார்கள். ரெம் உறக்கத்தில் தசைகள் செயலற்றுக் கிடக்க வேண்டும், இவர்களுக்கு அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. 1986இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் மருத்துவர்கள் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். 50 வயது தாண்டிய ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. இவர்களில் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்கின்சன் போன்ற நோய்கள் வருவதால் நரம்பியல் மருத்துவரின் கண்காணிப்பு அவசியம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளாலும் இந்த நிலை வரலாம். அதனால் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை எடுத்துப் போங்கள்.

வலிப்பு வேறு மாதிரி. ஒரே அசைவு, ஒரே சத்தம், அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வரும். மூளையின் முன்பகுதியில் எழும் வலிப்பு இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக, ஓரிரவில் பலமுறை வரக்கூடும். பெரிய வலிப்பு ஒரு நீண்ட கத்தலோடு தொடங்கி, உடம்பு விறைத்து, பிறகு கை கால் வெட்டும். காலையில் நாக்கில் கடிபட்ட காயமோ நனைந்த படுக்கையோ இருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அமுக்குவான் பேய் என்று நம் ஊரில் சொல்வதையும் இங்கேயே சேர்த்துவிடலாம். மனம் விழித்துவிட்டது, உடம்பு இன்னும் ரெம் உறக்கத்தின் கட்டில் இருக்கிறது. கத்த முயன்றால் மெல்லிய முனகல்தான் வரும். தோளைத் தொட்டால் சட்டென்று விடுபட்டுவிடுவார். அவருக்கு எல்லாம் நினைவிருக்கும், பயந்துபோயும் இருப்பார். தொட்டு எழுப்புவதுதான் நல்லது. பேய் ஓட்டத் தேவையில்லை. நேரத்துக்குத் தூங்குவதும், மல்லாந்து படுப்பதைக் குறைப்பதும் உதவும்.

உறக்க முனகல் எனும் கேட்டத்ரீனியா

மேலே சொன்ன எதிலும் சேராமல், ஆனால் வீட்டாரைக் கதிகலங்க வைக்கும் முனகல் ஒன்று இருக்கிறது. அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பல மருத்துவர்களும் இதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

அதன் அமைப்பு இப்படி இருக்கும். முதலில் ஓர் ஆழமான உள்மூச்சு. பின்பு மூச்சு மெல்ல, மிக மெல்ல வெளியேறுகிறது. அந்த நேரம் முழுவதும் "ம்ம்ம்ம்" என்றோ "ஊஊஊ" என்றோ ஒரே சுதியில் குரல், தொலைவில் மாடு கத்துவது போல. சில விநாடிகளில் முடியலாம், அரை நிமிடத்தைத் தாண்டியும் நீளலாம். கடைசியில் மிச்சக் காற்றைச் சட்டென்று தள்ளும் ஒரு சிறு "ஹ்ம்" அல்லது ஒரு மூக்குறிஞ்சல். உடனே அடுத்த ஆழ்ந்த உள்மூச்சு. இப்படித் தொடர்ச்சியாகச் சில நிமிடங்கள் முதல் ஒரு மணி நேரம் வரை போகும். பிறகு அமைதி, பின்னர் இன்னொரு தொடர். பெரும்பாலும் ரெம் உறக்கத்தில், இரவின் பின்பாதியில் வரும். மற்ற நிலைகளில் வருபவர்களும் உண்டு.

கேட்பவருக்கு இது துக்கமாகவோ வேதனையாகவோ தோன்றும். தூங்குபவருக்கு எந்த வேதனையும் இல்லை, சோகக் கனவும் இல்லை. புதிதாகத் திருமணமானவர்களிடம் இது எவ்வளவு தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று நினைத்தால் மனம் கனக்கிறது. அவளுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமில்லையோ, அவனுக்கு மனதில் வேறு ஏதோ இருக்கிறதோ என்று பழிகளும் சந்தேகங்களும் கிளம்புகின்றன. குரல்வளை பாதி மூடிய நிலையில் காற்று கசிந்து வெளிவரும் சத்தம் அது. மனதின் ரகசியம் எதுவும் அதில் இல்லை.

பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. சிறுவயதிலேயே தொடங்கியவர்களும் உண்டு. பல ஆண்டுகள் நீடிக்கும், ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வரும். ரத்தத்தில் ஆக்சிஜன் பொதுவாகக் குறைவதில்லை, குறைந்தாலும் சொற்பம். சிலருக்குக் காலையில் தொண்டை கரகரப்பு, பகலில் அசதி இருக்கும். பலருக்கு எதுவுமே இருக்காது.

மருத்துவ உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியதே அண்மையில்தான். 1983இல் பெல்ஜியத்திலிருந்து ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு வந்தது. 2001இல் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் இரு குழுக்கள் விரிவாக எழுதிய பிறகே கேட்டத்ரீனியா என்ற பெயர் நிலைத்தது. உறக்க நோய்களின் சர்வதேச வகைப்பாட்டின் இரண்டாம் பதிப்பு 2005இல் இதை உறக்கத்தில் நடப்பது, உளறுவது ஆகியவை வரும் பிரிவில் வைத்தது. 2014இல் வந்த மூன்றாம் பதிப்பு மூச்சு சார்ந்த பிரிவுக்கு மாற்றியது. நடத்தைக் கோளாறு என்ற பார்வையிலிருந்து மூச்சுவிடும் முறை என்ற பார்வைக்கு வந்த இந்த மாற்றம் நோயாளிகளுக்கு நல்லது என்றே நான் கருதுகிறேன். மனநல மருந்துகளை நோக்கி ஓடுவதை அது தடுக்கும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியது உறக்கத்தில் மூச்சுத்தடை. அங்கே வரிசை வேறு: கனத்த குறட்டை, திடீரென்று முழு அமைதி, வயிறும் நெஞ்சும் காற்றுக்காக மல்லுக்கட்டுவது, பிறகு கொர்ரென்று ஒரு திணறல். அமைதியின் முடிவில்தான் சத்தம் வெடிக்கும். பகல் தூக்கம், காலைத் தலைவலி, ரத்த அழுத்தம் கூடவே வரும். வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது என்றால் தள்ளிப்போடவே கூடாது. முனகலும் மூச்சுத்தடையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால் ஒன்றைக் கண்டதும் தேடலை நிறுத்திவிட வேண்டாம்.

பல் நறநறப்பதும் உறக்கத்தில் பேசுவதும் எளிதில் தெரிந்துவிடுபவை. முதலதுக்குப் பல் மருத்துவர். இரண்டாவதுக்கு, வேறு தொல்லை இல்லாதவரை, எதுவும் தேவையில்லை.

மருத்துவரிடம் போகும்போது

காது மூக்கு தொண்டை மருத்துவர், நுரையீரல் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் ஆகிய மூவரும் உறக்க நோய்களைப் பார்க்கிறார்கள். குறட்டையும் மூச்சுத்தடையும் என்று தோன்றினால் முதல் இருவரில் ஒருவர். கை கால் அசைவு, கத்தல், வலிப்புச் சந்தேகம் என்றால் நரம்பியல். உறக்க ஆய்வகம் உள்ள மருத்துவமனையாக இருந்தால் அலைச்சல் குறையும்.

ஸ்லீப் ஸ்டடி எழுதிக் கொடுத்தால் எந்த வகை என்று கேளுங்கள். வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டும் சிறு கருவி மூச்சுத்தடையைக் கண்டுபிடிக்கும். ஆனால் பொதுவாக அதில் மூளை அலைப் பதிவு இருக்காது, ரெம் உறக்கம் எப்போது என்று தெரியாது, வீடியோவும் இருக்காது. முனகலுக்கு ஆய்வகத்தில் தங்கி, தொழில்நுட்பர் உடனிருக்கச் செய்யும் முழுமையான பரிசோதனைதான் சரி. ஒலியும் வீடியோவும் சேர்ந்து பதிவாகுமா என்று முன்கூட்டியே உறுதிசெய்யுங்கள். இதை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. முனகும்போது மூச்சோட்டம் மிகவும் மெலிந்துவிடுவதால், வரைபடத்தை மட்டும் பார்த்தால் மூளை மூச்சுக் கட்டளையை நிறுத்தியது போன்றே தெரியும். கணினி அதை மைய மூச்சு நிறுத்தம் என்று எண்ணிவிடும். பத்து விநாடிக்கு மேல் மூச்சோட்டம் நின்றால் ஒரு நிகழ்வு என்பது கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு 5 நிகழ்வுக்கு மேல் என்றால் லேசானது, 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. முனகல்கள் எல்லாம் இந்தக் கணக்கில் ஏறினால் இல்லாத நோய் ஒன்று கடுமையாக இருப்பதாக அறிக்கை வரும். ஒலியைச் சேர்த்துக் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்: அந்த "நிறுத்தம்" நேரத்தில் குரல் வருகிறது, காற்று வெளியேறாமல் குரல் வராது.

உங்கள் வீடியோவையும் தாளையும் பரிசோதனைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். "வெளிமூச்சில் முனகல், விடியற்காலை மூன்று மணிக்கு மேல்" என்று ஒரு வரி எழுதியிருந்தாலே தொழில்நுட்பர் எதைத் தேட வேண்டும் என்று புரிந்துகொள்வார். மேலும், அவசரப்பட்டு அதிகாலையிலேயே எழுப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேடும் சத்தம் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் வரக்கூடும்.

சிகிச்சை, வீட்டு ஏற்பாடு

கேட்டத்ரீனியா என்று உறுதியாகி, மூச்சுத்தடை இல்லை, பகலில் அசதி இல்லை என்றால் சிகிச்சை கட்டாயமில்லை. விளக்கம் கேட்டுத் தெளிவதே பலருக்குப் பாதி நிவாரணம். தொல்லை இருந்தால் மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவி சிலருக்குப் பலன் தருகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் 2008இல் ஏழு இளம்பெண்களைப் பற்றி எழுதியபோது அதில் முன்னேற்றம் கண்டதாகப் பதிவு செய்தார்கள். கீழ்த்தாடையை முன்தள்ளி வைக்கும் வாய்க்கருவியும் சிலருக்கு உதவியிருக்கிறது. எல்லாமே சிறு எண்ணிக்கையில் பார்த்தவை என்பதால், விலைகொடுத்து வாங்கும் முன் சில வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். முனகலை நிறுத்தும் மாத்திரை என்று நிலைபெற்ற மருந்து எதுவும் இல்லை. தூக்க மாத்திரையும் மதுவும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மூச்சுத்தடை ஒளிந்திருந்தால் அவை ஆபத்து.

கேட்பவரின் தூக்கத்தையும் கவனிக்க வேண்டும். காதடைப்பான், விசிறியின் சீரான இரைச்சல், தூங்குபவரை மெல்லத் தொட்டுத் திருப்பிவிடுவது ஆகியவை நன்றாகவே உதவும். சில இரவுகள் தனி அறையில் படுப்பதும் குற்றமில்லை. முனகுபவரை "நேத்தும் கத்தின" என்று தினமும் கணக்குச் சொல்லிக் காட்டாதீர்கள். விடுதிக்கோ வெளியூர் கல்யாண வீட்டுக்கோ போகும்போது, பக்கத்தில் படுப்பவரிடம் முன்கூட்டியே, "தூக்கத்துல முனகுவேன், வலி கிலி ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க, தொந்தரவா இருந்தா திருப்பிப் படுக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிடுவது இருவருக்கும் நிம்மதி.

கருவி எதையாவது தொடங்கினால் ஒரு மாதம் கழித்து அதே இடத்தில், அதே தூரத்தில் கைபேசியை வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள். பழைய பதிவை அழிக்காமல் வைத்திருந்தால் இரண்டையும் ஒப்பிட்டு, சிகிச்சையைத் தொடர்வதா மாற்றுவதா என்று மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்கலாம். முன்பு இல்லாத கீச்சோ, திணறலோ, கை கால் வீச்சோ புதிய பதிவில் கேட்டால் அதைப் பழைய முனகலின் கணக்கில் சேர்க்காமல் மீண்டும் முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.